ஒரு தலை குறையுது

போன வாரம் ஒரு பெண் வந்து என்னை எண்ணிவிட்டுப் போனாள். தோளில் பை, கையில் போன், கழுத்தில் அடையாள அட்டை. வெயிலில் அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "வீட்டுல எத்தனை பேர் சார்?" என்றாள். "ஒருத்தன்" என்றேன். நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள், வாசலில் கிடந்த மூன்று ஜோடி செருப்பைப் பார்த்தாள். மூன்றும் என்னுடையவைதான். வயதானால் ஒரு நாளைக்கு ஒரு செருப்பு காலுக்குப் பிடிக்கிறது, மறுநாள் அதே செருப்பு கடிக்கிறது. என் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, பையன் பெங்களூரில் இருக்கிறான் என்று சொன்னேன். "அவரை அங்க எடுத்துக்குவாங்க சார்" என்றாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, முடித்துவிட்டாள். போகும்போது கேட்டை ஒட்டிய சுவரில் தடித்த பேனாவால் ஒரு நம்பர் எழுதினாள். அந்த மையின் வாடை சுருக்கென்று மூக்கில் ஏறியது.

அந்த வாடையில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் காலத்தில் வீட்டு நம்பரைத் தாரால் போடுவோம். "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்கிற கிழவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் புங்கலேரி என்று ஒரு ஊர். அங்கே ஓராசிரியர் பள்ளி. ஹெட்மாஸ்டரும் நான்தான், மணி அடிக்கிறவனும் நான்தான். இருபத்திரண்டு வயது. தர்மபுரியில் எங்கள் அத்தா தகர டிரங்குப் பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தார். நான் சுத்தியலைப் பிடித்தால் பெட்டிக்கு அடி விழாது, என் கட்டைவிரலுக்குத்தான் விழும். அதனால் என்னைப் படிக்க வைத்தார். புங்கலேரியில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு நான் பாய், பிள்ளைகளுக்குப் பாய் சார்.

திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறிப் புளியமரத்து ஸ்டாப்பில் இறங்குவேன். அங்கிருந்து ஐந்து மைல் நடை. நடை என்றால் ரோட்டு நடை இல்லை, வண்டித் தடம். நடுவில் ஒரு ஓடை குறுக்கிடும். மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர், பெய்யாவிட்டால் கணுக்காலளவு மணல். வேலையில் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் என்றால் ஒரு மரியாதை வேண்டுமே என்று புது ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஊருக்குள் நுழையும்போது ஷூ இரண்டும் கழுத்தில் தொங்கின. ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க பாய், எங்கூர்ல ஜோடைக் கழுத்துல போடறதில்லீங்க" என்றார். எனக்கு அங்கே கிடைத்த முதல் வரவேற்பு அதுதான்.

அந்த ஸ்டாப்பிலிருந்து டவுனுக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பஸ்ஸுக்குள் டீசலும் புளி மூட்டையும் கோழியும் கலந்த ஒரு வாசனை. அதை முகர்ந்தாலே புங்கலேரிக்காரர்கள் முகத்தில் ஒரு பெருமை வந்துவிடும். பஸ் ஏறுவதென்றால் அவர்களுக்கு வெளுத்த வேட்டி கட்டுகிற விஷயம்.

ஒருநாள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி, 'நம் ஊர்' என்று பள்ளிக்கூடச் சுவரில் ஊர் விவரங்களை எழுதிவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். நீலப் பெயிண்ட் வாங்கி எழுதினேன். மக்கள் தொகை, விளைபொருள், அருகிலுள்ள தபால் நிலையம், அருகிலுள்ள ரயில் நிலையம். கடைசி வரி: பஸ் வசதி, இல்லை. பிள்ளைகள் தினமும் காலையில் அதை ராகம் போட்டுப் படிப்பார்கள். மக்கள் தொகையில் தடுமாறும், ரயில் நிலையத்தில் முணுமுணுக்கும். "பஸ் வசதி" என்று நான் சொன்னால் மட்டும் அத்தனை பிள்ளைகளும் தொண்டை கிழிய "இல்லை" என்று கத்தும். இல்லாத ஒன்றை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன குரல்களை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்தவள் மாதம்மாள். மஞ்சள் மக்காச்சோள ரவையில் கிண்டுகிற உப்புமா. ரவையும் எண்ணெயும் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று டின்னில் எழுதியிருக்கும். அந்த உப்புமாவுக்கு ஒரு வாசனை உண்டு, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு. எனக்கும் ஒரு தட்டு தருவாள். மாதம்மாக்கா என்று கூப்பிடுவேன். முப்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். அவள் பையன் என்னிடம் ஒண்ணாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். கரண்டியால் அண்டாவின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் சாப்பாடு ஆயிற்று என்று அர்த்தம், மூன்று தட்டினால் எவனோ வரிசையில் இடிக்கிறான் என்று அர்த்தம்.

அவள் புருஷன் சின்னராசு ஊரில் இல்லை. புங்கலேரியில் பாதி ஆண்கள் அறுவடை முடிந்ததும் மேஸ்திரியோடு லாரி ஏறிச் சிக்மகளூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போவார்கள், குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. கோடைக்குத் திரும்பி வரும்போது பிள்ளைகள், சாப்பிட்டாயிற்றா என்பதை "ஊட்டா ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டு வரும். சின்னராசு போனவன் போனவன்தான். மூன்று வருஷமாக வரவில்லை. மேஸ்திரி மூலம் வீட்டுக்குப் பணம் மட்டும் வந்துவிடும்.

ஏன் வரவில்லை என்பதைத் தீர்த்தகிரிதான் ஒருநாள் சொன்னார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது, இரண்டு வயது. வாந்தியும் பேதியுமாகி ஒரு விடியற்காலையில் சின்னராசு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புளியமரத்தை நோக்கி ஓடினான். ஓடையில் தண்ணீர். சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அவன் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸின் புழுதி மட்டும் இருந்தது. அடுத்த பஸ்ஸுக்குச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே ஐந்து மைலும் திரும்பி நடந்து வந்தான்.

"அந்த வருசமே மேஸ்திரிகூடக் கெளம்பிட்டானுங்க" என்றார் தீர்த்தகிரி. "போறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னான். இந்த ஊருக்கு பஸ் வர்ற அன்னைக்குத்தான் வருவேன், அந்தத் தடத்துல இனி என் காலு படாதுன்னான். மாதம்மா பாவம், பஸ்சு எப்ப வரும் எப்ப வரும்னு பாக்குது."

அந்தக் காலத்துக் கிராமம் இனிமையானது என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்கு அந்தத் தோள் ஞாபகம் வரும்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வந்தது அப்போதுதான். தாலுகா ஆபீசில் ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் வீடு வீடாகப் போகவேண்டும். அந்த நாட்களுக்குள் ஒரு நாளாவது வீட்டில் இருந்தவர்களைத்தான் எழுதவேண்டும், முழுக்க வெளியூரில் இருப்பவர்களை எழுதக்கூடாது. அங்கே மேஜைமேல் ஊர் விவரப் படிவம் ஒன்று கிடந்தது. மேலே 'மக்கள் தொகை' என்று ஒரு கட்டம். கீழே 'பஸ் வசதி உண்டா, இல்லையெனில் எவ்வளவு தூரம்' என்று ஒரு கட்டம். அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இல்லாத ஒரு கோட்டை நானாகப் போட்டுக்கொண்டதுதான் நான் செய்த குற்றம்.

வேண்டுமென்று செய்யவில்லை. தார் டப்பாவும் குச்சியுமாக ஊருக்குள் போனால் ஒரு வீட்டிலும் பதில் இல்லை. முந்தின வருஷம் குடும்பக் கட்டுப்பாட்டு வேன் வந்து போயிருந்தது. நான் பேர் எழுதிக்கொண்டு போனால் பின்னாலேயே வேன் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் என்று பேச்சு. தவிர, பிள்ளைகளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். "இருக்குதுங்க கொஞ்சம்" என்றார்கள். கொஞ்சம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் ஊர்ச்சாவடியில் பத்துப் பேர் கூடியிருந்தபோது வாயை விட்டேன். "ஊர்ல ஆயிரம் தலை இருக்குன்னு கணக்கு போனாத்தான் பஸ் விடுவாங்க. நீங்க இப்படி ஒளிச்சு வெச்சா எப்படி வரும்?" ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சொல்வதற்கு வாட்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

தீர்த்தகிரி மெதுவாகத் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். "பாரத்துல அப்படிப் போட்டிருக்குதுங்களா பாய்?"

"மேல மக்கள் தொகை, கீழ பஸ்சு. நானே பார்த்தேன் கவுண்டரே."

அது பொய் இல்லை பாருங்கள். அதனால்தான் அவ்வளவு கூசாமல் வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரே மாறிவிட்டது. கதவைச் சாத்தியவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். போன கணக்கில் ஆயிரத்துக்குக் குறைவு என்பது பள்ளிக்கூடச் சுவரிலேயே இருந்தது. அதனால் எல்லோரும் ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளையை எழுதச் சொன்னாள் ஒருத்தி. உழவு மாட்டை எழுதிக்கொள்ள வழியுண்டா என்று விசாரித்தார் ஒருவர், அது வீட்டு ஆளுக்குச் சமம்தானாம். காப்பித் தோட்டத்துக்குப் போனவர்களுக்கெல்லாம் உடனே வரச்சொல்லிச் சேதி போயிற்று. கடிதம் எழுதியவன் யார் என்கிறீர்கள்? நானேதான். என் பொய்க்கு நானே தபால்காரன்.

மாதம்மாள் வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனேன். கதவுக்குப் பக்கத்தில் தாரால் நம்பர் போட்டேன். பெயர், வயது எல்லாம் எழுதினேன். "எத்தனை குழந்தைங்க அக்கா?" என்றேன். "ரெண்டு" என்றாள். பிறகு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுதறதுன்னா ஒண்ணுங்க" என்றாள். எனக்கு எழுத்து ஓடவில்லை. அவள்தான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, கை கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். ஒரு இன்லண்ட் லெட்டரை நீட்டினாள்.

"அவருக்கு எழுதணுங்க."

"என்ன எழுதட்டும்?"

"ஊருக்கு பஸ்சு வருதாம். ஒரு தலை குறையுதாம். வந்து நின்னுட்டுப் போகச் சொல்லுங்க. நின்னாப் போதும்."

எழுதினேன். பேனாவை மூடப் போனபோது, "வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குதுன்னு எழுதுங்க" என்றாள். அதையும் எழுதினேன். வேறு எதையும் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் அவள் அவனுக்கு அனுப்பிய முதல் கடிதம் அது. சனிக்கிழமை தர்மபுரிக்குப் போகும்போது ரோட்டோரத் தபால் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டுப் பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். கை நுழையவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். பஸ் வராவிட்டால்? அவன் வந்து ஏமாந்தால்? அவன் வராமலே போய்விட்டால் இவள் என்ன ஆவாள்?

தோட்டத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கையில் கமலா ஆரஞ்சு, பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லாய். பங்குனி வெயிலில் அந்தக் குல்லாயைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வேர்த்து வழிந்தபடி ஓடின. அந்த ஊரை அவ்வளவு நிறைவாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பத்து நாளில் என் கணக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? தினமும் உப்புமாவைப் போட்டுவிட்டு மாதம்மாள் கேட்பாள்: "இன்னும் குறையுதுங்களா?" நிறைந்துவிட்டது என்று சொன்னால், அவன் வரவேண்டிய அவசியம் இல்லை என்று ஆகிவிடாதா? "ஒண்ணு குறையுதுக்கா" என்பேன். அவள் போய் அண்டாவைக் கழுவுவாள்.

எனக்கு இருந்த ஒரே பயம் தீர்த்தகிரி. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் ஊரில் எந்த வீட்டில் எத்தனை வாய் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தவர் என் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சமையல் கொட்டகையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மாதம்மாளைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொட்டகைவரை கேட்கும்படி, "இன்னும் ஒரு தலை குறையுதுங்களா பாய்?" என்றார்.

"குறையுதுங்க கவுண்டரே."

"ஆமாமா, குறையும் குறையும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த மனுஷனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

கடிதம் போட்ட பதினைந்தாம் நாள். கணக்கெடுப்பு முடிய இரண்டு நாள் இருந்தது. உச்சிப் பொழுது, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றன. வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். கறுத்து மெலிந்த உடம்பு, தலையில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. முழங்கால்வரை செம்மண் புழுதி. என்னைப் பார்த்துக் கேட்டான்.

"எங்க நிக்கணுங்க பாய்?"

எனக்குப் புரியவில்லை. "தலை குறையுதுன்னு கடுதாசி வந்துது. எங்க நிக்கணும்?" என்றான் மறுபடி.

மாதம்மாள் கரண்டியும் கையுமாக நின்றாள். அழவில்லை, ஓடிவரவில்லை. எத்தனை முறை தட்டினாள் என்று எண்ணமுடியாதபடி கரண்டி அண்டாவின் விளிம்பில் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு தட்டை எடுத்து உப்புமா போட்டுக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காந்து சாப்புடுங்க" என்றாள். அவன் பிள்ளைகள் வரிசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அவன் பையன்தான் என்று அவனுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒன்றும் எழுதாமல் சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றே அவன் பெயரை எழுதினேன். என் கையெழுத்து சுமார்தான். அந்த வரி மட்டும் அச்சுப் போல விழுந்தது.

ஆனால் பஸ் வரவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க்கிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "தலையெண்ணி எந்த ஊர்ல பஸ் விட்டாங்க வாத்தியாரே? ரோடு இருக்கணும், ஓடைக்குப் பாலம் இருக்கணும், டிக்கெட் விழணும்" என்றார். தெரிந்த பதில்தான். அதைக் காதால் கேட்கும்வரை நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்பதுதான் அசிங்கம்.

சின்னராசு திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் அவன் கிளம்பிவிடுவான் என்று எனக்குப் பயம். கடைசியில் என்னாலேயே தாங்கமுடியவில்லை. ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஓடைக்கரையில் அவன் தடத்தோரத்து முள்ளை வெட்டிக்கொண்டிருந்தான். பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். ஆயிரம் தலை என்று யாரும் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன், பஸ் இப்போதைக்கு வராது, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவன் கொடுவாளைத் துடைத்துக்கொண்டே, "தெரியுங்க பாய்" என்றான்.

"எப்பத் தெரியும்?"

"கடுதாசி படிச்சுக் காட்டுனப்பவே தெரியும். எங்க எஸ்டேட்டு லைன்ல மொத்தம் பன்னண்டு வூடு. வாசல்ல பஸ்சு வந்து நிக்கும். தலையெண்ணியா வுடறாங்க?"

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

ஓடைப் பக்கம் பார்த்தான்.

"வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமில்லீங்களா. பாப்பாவத் தூக்கிட்டு வந்த தடம். சும்மா எப்படி அதுல நடந்து வர்றது? ஒரு தலை குறையுதுன்னு மாதம்மா எழுதச் சொல்லியிருந்துது. சரி, ஊர்க் காரியம், போய் நின்னுட்டு வரலாம்னு சொல்லிக்கிட்டே குனிஞ்ச தலை நிமிராம வந்துட்டேன்."

முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டான். "அதுக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு. நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க" என்றான். என் பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அந்த ஐந்து மைலில் அன்றைக்குத்தான் எனக்குக் கால் வலிக்கவில்லை.

பஸ் ஐந்தாறு வருஷம் கழித்து வந்தது. ஓடைக்குச் சின்னப் பாலம் கட்டினார்கள், தடத்தில் ஜல்லி போட்டார்கள். ஜல்லி உடைக்க முதல் ஆளாகப் போனவன் சின்னராசு. முதல் நாள் தீர்த்தகிரி பஸ்ஸுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். ஊரே ஏறி புளியமரம்வரை போய் வந்தது. ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கி மரத்தடியில் கும்மாளம் போட்டார்கள். மாதம்மாளும் சின்னராசும் மட்டும் இறங்கவில்லை. பஸ் திரும்புகிறவரை ஒரே சீட்டில் உட்கார்ந்து அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் நான் சுவரில் 'இல்லை'யைச் சுரண்டிவிட்டு 'உண்டு' என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவே இல்லை. பழைய கத்தலில் பாதிகூட வரவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன் புங்கலேரிவரை போய்வந்தேன். பஸ் இருந்தது. அதில் நானும், டிரைவரும், கண்டக்டரும், பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் சும்மா ஏறி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளும். "ஆளே இல்லீங்க, எல்லாரும் வண்டி வெச்சிருக்காங்க, இல்லாட்டி பெங்களூரு, திருப்பூருன்னு போயிட்டாங்க. இந்த டிரிப்பை நிறுத்தப் போறாங்க" என்றார் கண்டக்டர். சேரப் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். என் நீல எழுத்து இருந்த சுவரில் செல்போன் விளம்பரம். தீர்த்தகிரி, மாதம்மாள், சின்னராசு, யாரும் இல்லை. மாதம்மாள் வீடு மட்டும் இருந்தது, பூட்டிக் கிடந்தது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவரில், கதவுக்குப் பக்கத்தில் ஒரு கையகலம் மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார்கள். வருஷா வருஷம் சுண்ணாம்பு ஏறி ஏறி, அந்த இடம் குழிந்திருந்தது. குழிக்குள் என் தார் நம்பர். விரலை வைத்துப் பார்த்தேன். வாசனை போயிருந்தது.

அந்தப் பெண் என்னை எண்ணிவிட்டுப் போன அன்று சாயங்காலம் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பையன் அவன் அம்மாவை அடக்கம் செய்த பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தான். வாசலில் நின்றே பேசிவிட்டு, காரை விட்டுத் தூரமாகக்கூட வராமல் போய்விட்டான். அவன் அம்மா எப்போதும் நின்ற சமையலறையைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். அவனுக்குக் கால் வரவில்லை. எனக்கு அது அப்போது புரியவில்லை, கோபப்பட்டேன். பெங்களூர் என்ன, மூன்று மணி நேரம். அந்த ஐந்து மைலைவிடவா தூரம் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"இங்க தலைக்கணக்கு எடுக்கறாங்கப்பா. நம்ம தெருவுல ஒரு தலை குறையுதாம். நீ வந்து நின்னாத்தான் தெருவுக்கு பஸ் விடுவாங்களாம்."

புங்கலேரிக் கதையைச் சின்ன வயதில் அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மறந்திருக்கமாட்டான்.

"அத்தா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றான்.

"போட்டேன்."

"சரி. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். வைக்கும்போது குரல் சரியில்லை.

பார்க்கலாம். சின்னராசு வந்து சேரப் பதினைந்து நாள் ஆயிற்று. எனக்கு இன்றோடு ஆறு நாள்தான் ஆகிறது.